மணியார்டரா, முகமூடியா? ஒரு சாயங்காலத்துக்கு ஒரு செம்பேன்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தைப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடம், வாடகை புரொஜெக்டர், ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி. முகூர்த்த நாளாக இருந்தால் அதுவும் கிடையாது. இந்த வருஷம், நாவல் எழுதிக்கொண்டிருந்துவிட்டுப் படம் எடுக்கப் போனவர்களை வரிசையாகப் போடலாம் என்று முடிவெடுத்தோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் என்றதும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் வந்தது: செனகலின் உஸ்மான் செம்பேன். ஆளில் தகராறு இல்லை. எந்தப் படம் என்பதில்தான் மூன்று வாரம் வாட்ஸப்பில் மல்லுக்கட்டு.

ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது. ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குள் மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்து பேசுவதற்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும். பேச்சுக்காகவே வருகிறவர்கள் பாதிப் பேர். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் செம்பேன் என்ற பெயரையே அன்றைக்குத்தான் கேட்கப் போகிறார்கள். முதலில் பார்க்கிற படம் பிடிக்காமல் போனால் அடுத்ததற்கு வர மாட்டார்கள். இதையெல்லாம் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டியிருந்தது. இதே கேள்வியோடு இருக்கிற வேறு சங்கங்களுக்கும், வீட்டில் தனியாக உட்கார்ந்து செம்பேனை எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கும் உதவலாம் என்று எங்கள் சண்டையை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எந்தப் படத்தைக் காட்டுவது என்ற எங்கள் கேள்விக்கான பதில், அவர் ஏன் படம் எடுக்கப் போனார் என்பதில்தான் இருந்தது.

1923ல் செனகலின் தெற்கே, காசமான்ஸ் பகுதியில் சிகின்ஷோர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மீன்பிடிப்பவர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைத் திருப்பி அடித்துவிட்டார். அதோடு படிப்பு முடிந்தது. டக்கார் நகரத்துக்கு வந்து கொத்தனார் வேலை, மெக்கானிக் வேலை. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சிப்பாய். போருக்குப் பிறகு பிரான்ஸுக்குப் போய் சிட்ரோயன் கார் தொழிற்சாலையில் கொஞ்ச காலம், அப்புறம் மார்செய் துறைமுகத்தில் பல வருஷம் மூட்டை தூக்கினார். அங்கே தொழிற்சங்கம், கம்யூனிஸ்ட் கட்சி. ஒரு விபத்தில் முதுகெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். எழுந்து வந்த பிறகு பழையபடி மூட்டை தூக்க முடியவில்லை. தொழிற்சங்க நூலகத்துப் புத்தகங்கள்தான் அவருடைய கல்லூரி. 1956ல் முதல் நாவல் வந்தது. அதன் நாயகனும் மார்செய் துறைமுகத் தொழிலாளி. அவன் எழுதிய நாவலை ஒரு வெள்ளைக்கார எழுத்தாளர் தன் பெயரில் வெளியிட்டுவிடுகிறார். முதல் புத்தகத்திலேயே, யார் எழுத்து யார் கையில் போய்ச் சேர்கிறது என்ற சந்தேகம் அந்த மனிதருக்கு இருந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1960ல் செனகல் விடுதலை அடைந்தது. அதே வருஷம் அவருடைய பெரிய நாவலான 'கடவுளின் மரத்துண்டுகள்' வந்தது. செம்பேன் ஊர் திரும்பினார். திரும்பியவருக்கு ஒரு சிக்கல். அவர் எழுதியதெல்லாம் பிரெஞ்சில். அந்த நாவல்களில் வருகிற ரயில்வே தொழிலாளி, மீன்காரர், சந்தைப் பெண் யாருக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பாரிஸில் இருப்பவர்கள் படித்துவிட்டுப் பாராட்டுகிறார்கள்; யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியவில்லை.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பிரெஞ்சிலேயே தொடர்ந்து எழுதுவது ஒன்று. பெயர் கிடைக்கும், வாசகர் வெளியூரில் இருப்பார். அங்கே பெரும்பாலோர் பேசுகிற வொலோஃப் மொழியில் எழுதுவது இன்னொன்று. ஆனால் அந்த மொழியைப் பேசுகிறவர்களில் அதை எழுத்தாக வாசிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். இதையும் அவர் விட்டுவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பாதே டியாஞுடன் சேர்ந்து 'கட்டு' என்று வொலோஃப் மொழியிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார். மூன்றாவது வழி சினிமா. எழுத்துத் தெரிய வேண்டாம், காதும் கண்ணும் போதும். கிட்டத்தட்ட நாற்பது வயதில் மாஸ்கோ போய், கார்க்கி ஸ்டூடியோவில் மார்க் டோன்ஸ்கோயிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தார். தனக்குப் பிடித்தது எழுத்துதான், ஆனால் தன் மக்களிடம் போய்ச் சேர்வது சினிமா என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சினிமாவை ராத்திரிப் பள்ளிக்கூடம் என்பார். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் திரையிட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஜனங்களோடு பேசுவார்.

நாவலாசிரியர் இயக்குநர் ஆனார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் எழுத்தை விடவே இல்லை. கடைசிவரை இரண்டும் கூடவே ஓடின.

சரி, போட்டிக்கு வருகிறேன்.

முதல் யோசனை, சங்கத்தில் இருக்கிற கல்லூரி மாணவி ஒருத்தி சொன்னது. 1963ல் வந்த 'போரோம் சாரெத்' என்ற இருபது நிமிஷக் குறும்படம், அதோடு 1966ல் வந்த 'லா நுவார் தெ' என்ற ஒரு மணி நேரப் படம். இரண்டும் கறுப்பு வெள்ளை. சேர்த்து எண்பது நிமிஷம்தான். "அண்ணே, தொடக்கத்திலிருந்து காட்டினாத்தானே வளர்ச்சி புரியும்?" என்பது அவள் வாதம். இரண்டுமே அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு முன்னின்று மீட்டெடுத்தவை. பிரிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கும்.

'போரோம் சாரெத்' என்றால் வண்டிக்காரர். டக்காரில் குதிரை வண்டி ஓட்டுகிற ஒருவரின் ஒரு நாள். கையில் வந்த காசை, முன்னோர் பெருமையைப் பாடுகிற பாடகனிடம் மனம் குளிர்ந்து கொடுத்துவிடுகிறார். ஒருவர் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய எடுத்து வருகிறார். காகிதம் சரியில்லை என்று மயான வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் கோட்டு போட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு, வண்டிகள் போகக்கூடாத பணக்காரப் பகுதிக்குள் போகிறார். போலீஸ்காரர் பிடிக்கிறார். போரில் வாங்கிய பதக்கம் கீழே விழுகிறது. போலீஸ்காரரின் பூட்ஸ் அதன் மேல். வண்டி போய்விட்டது, குதிரையை மட்டும் நடத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு ராத்திரி சாப்பாடு உண்டு என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்வதில்லை. இருபது நிமிஷத்தில் இவ்வளவும்.

'லா நுவார் தெ' இன்னும் கனமானது. டக்காரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தியுவானா என்ற இளம்பெண்ணை, அவளுடைய முதலாளிக் குடும்பம் பிரான்ஸின் ஆன்டீப் நகரத்துக்கு வரவழைக்கிறது. அங்கே போனால் குழந்தைகளைக் காணோம்; சமையலும் துடைப்பமும்தான். நல்ல கவுனும் ஹைஹீல்ஸ் செருப்புமாக அவள் தரையைத் துடைக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அந்தச் செருப்பைக் கழற்றச் சொல்கிறாள் எஜமானி. நம் வீடுகளில் வேலைக்கு வருகிற பெண் கொஞ்சம் நன்றாக உடுத்தி வந்தால் பேசப்படுகிற பேச்சு ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. இது பத்திரிகையில் வந்த ஒரு உண்மைச் செய்தியிலிருந்து பிறந்த கதை. செம்பேன் முதலில் சிறுகதையாக எழுதினார். சிறுகதை அவள் செத்த பிறகு, போலீஸ் விசாரிக்க வருவதில் தொடங்குகிறது. படம் அவள் கப்பலில் வந்து இறங்குவதில் தொடங்குகிறது. ஒரே ஆள், ஒரே கதை. எழுதும்போது முடிவிலிருந்தும் எடுக்கும்போது வருகையிலிருந்தும் தொடங்கியிருக்கிறார். எழுத்திலிருந்து சினிமாவுக்கு வருவது என்றால் என்ன என்று வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு தொடக்கங்களும் போதும்.

அவள் ஊரிலிருந்து பரிசாகக் கொடுத்த முகமூடி அந்த வீட்டுச் சுவரில் தொங்கும். கடைசியில் முதலாளி அதைத் திருப்பிக் கொடுக்க டக்காருக்குப் போகும்போது, ஒரு சிறுவன் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பான். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் எங்கள் சண்டைக்கு 'மணியார்டர் கட்சி, முகமூடிக் கட்சி' என்று பெயர் வந்தது.

நான் முகமூடிக் கட்சியில் சேரவில்லை. அதற்கு முக்கியக் காரணம் இந்தப் படத்திலேயே ஒளிந்திருக்கிறது. தியுவானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. முதலாளி அதை வாசித்துக் காட்டிவிட்டு, அவள் பெயரில் பதிலும் தானே எழுத ஆரம்பிக்கிறார். அவள் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறாள். ஊரில் வாத்தியாராக, கடிதம் எழுதித் தருபவராக வருவது யார் தெரியுமா? வாயில் பைப்புடன் செம்பேனேதான். இவ்வளவு நுணுக்கமாகத் தன் சிக்கலைத் தெரிந்துவைத்திருந்தவரின் படத்தில், அந்தப் படிக்காத பெண்ணின் மனக்குரல் முழுக்க அழகான பிரெஞ்சில் ஓடுகிறது. அதைப் பேசியவர் வேறொரு நடிகை. ஆக, 1966ல் அவர் கேமராவுக்கு வந்துவிட்டார், மொழிக்கு இன்னும் வரவில்லை. பாதி வழியில் நிற்கிற படம். இரண்டாவதாகப் பார்த்தால் அந்தப் பாதி வழி கண்ணில் படும். முதலாவதாகப் பார்க்கிறவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் அற்பமான காரணம். வண்டிக்காரரும் தியுவானாவும் அடுத்தடுத்து வந்தால் கூட்டம் பேச மாட்டாது. போன வருஷம் இப்படித்தான் ஒரு படம் போட்டோம். முடிந்ததும் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டு அமைதியாகப் போய்விட்டார்கள்.

இரண்டாவது யோசனை 'ஹாலா'. 1973ல் நாவல், ஓரிரு வருஷத்திலேயே படம். இதைச் சொன்னவர் எங்களில் அதிகம் படித்தவர், அதிகம் நையாண்டி செய்பவரும் அவர்தான். எல் ஹாஜி என்ற வியாபாரி மூன்றாவது கல்யாணம் செய்துகொள்கிறார். முதலிரவில் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு மந்திரவாதியாக அலைகிறார். ராத்திரி டிவியில் வருகிற லாட்ஜ் வைத்தியர் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனால் செம்பேன் குறிவைப்பது படுக்கையறையை அல்ல. விடுதலை வாங்கிய கையோடு வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் நீட்டிய பெட்டி நிறையப் பணத்தை வாங்கிக்கொண்ட வர்க்கம்தான் மலடாகிப் போனது என்கிறார். எல் ஹாஜியின் மெர்சிடிஸ் காருக்கு எவியான் மினரல் வாட்டர்தான். அவருடைய மகள், அப்பா பிரெஞ்சில் கேட்டால் வொலோஃபில்தான் பதில் சொல்வாள். செனகல் தணிக்கை இந்தப் படத்தைப் பல இடங்களில் வெட்டியது. செம்பேன் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று நோட்டீஸ் அடித்து விநியோகித்தார்.

சிரிக்க வைக்கிற படம், நான் மிகவும் ரசித்த படம். ஆனால் இரண்டு மணி நேரம். எங்கள் சாவிக் கணக்குக்கு ஒத்துவராது. அதைவிட, முதல் முறை பார்க்கிற கூட்டம் முதலிரவு நகைச்சுவையிலேயே நின்றுவிடும் என்று தோன்றியது. இதை வீட்டில், நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. நாவல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது, சின்னப் புத்தகம்தான்.

மூன்றாவது, 'மூலாதே'. 2004ல் வந்தது, அப்போது அவருக்கு 81 வயது. கான் விழாவில் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவின் பரிசு வாங்கிய படம். பெண் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பிறப்புறுப்புச் சிதைவுச் சடங்குக்குப் பயந்து நாலு சிறுமிகள் கொலே என்ற பெண்ணின் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். அவள் வாசலுக்குக் குறுக்கே ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள். அவ்வளவுதான். அந்தக் கயிற்றைத் தாண்டினால் சாபம் என்ற நம்பிக்கை இருப்பதால் ஊரே வெளியில் நிற்கிறது. ஒரு முழம் கயிற்றை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மூச்சுப் பிடிக்க வைக்கிறார். பெண்கள் கேட்கிற ரேடியோக்களைப் பிடுங்கி, மசூதி முன்னால் குவித்துக் கொளுத்துகிறார்கள் ஆண்கள். குவியலுக்குள்ளிருந்து சில ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருக்கும்.

சினிமாவாக மட்டும் பார்த்தால் இதுதான் அவருடைய சிறந்த படம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். இருந்தும் எங்கள் தேர்வு இதுவல்ல. நாவலாசிரியர்கள் வரிசையில் போடுவதற்கு இது நாவலிலிருந்து வந்த படம் இல்லை என்பது ஒரு காரணம். முக்கியக் காரணம் வேறு. இதை முதலில் காட்டினால், 'அவங்க நாட்டுல இப்படியெல்லாம் கொடுமை நடக்குது பாரு' என்று உச்சுக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். செம்பேன் அப்படி வேடிக்கை பார்க்கக் கொடுத்தவர் இல்லை.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தியாரோய் முகாமில் 1944ல் சம்பள பாக்கி கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டுக் கொன்றதைப் பற்றிய படம் நீளமோ நீளம். 1977ல் வந்த 'செட்டோ' வரலாறு தெரியாதவர்களுக்குக் கஷ்டம். ஆனால் அதன் கதையைவிட அதற்கு நேர்ந்த கதை சுவையானது. பெயரில் ஒரு 'ட்' போடுவதா இரண்டு போடுவதா என்று தகராறு. அரசாங்கத்தின் எழுத்து விதிப்படி ஒன்றுதான், செம்பேன் இரண்டு போட்டார். அதைக் காட்டியே பல வருஷம் படத்தைத் தடை செய்து வைத்தார்கள். உண்மையான எரிச்சல் படம் மதத்தைப் பற்றிச் சொன்னதில் என்பது ஊருக்கே தெரியும். அப்போதைய செனகல் அதிபர் செங்கோர் பிரெஞ்சில் எழுதிய பெரிய கவிஞர், இலக்கணத்தில் கறார். 'லை'க்குக் கொம்பு போட்டு எழுதுவதா வேண்டாமா என்று சண்டை பார்த்த நாம் இதைப் படித்துச் சிரிக்கலாம். செம்பேன் அசரவில்லை. கடலோரத்தில் தான் கட்டிய வீட்டுக்கே 'கல்லே செட்டோ' என்று, இரண்டு 'ட்'டோடு பெயர் வைத்தார்.

நாலாவது யோசனை, படமே வேண்டாம், 'கடவுளின் மரத்துண்டுகள்' நாவலை எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசலாம் என்பது. 1947 அக்டோபரிலிருந்து 1948 மார்ச் வரை நடந்த டக்கார்-நைஜர் ரயில்வே வேலைநிறுத்தம்தான் கதை. மனிதர்களைத் தலை எண்ணினால் ஆயுசு குறையும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அதனால் இத்தனை பேர் என்று சொல்லாமல் இத்தனை மரத்துண்டுகள் என்று சொல்வார்கள். தலைப்பு அதிலிருந்து வந்தது. குழாயில் தண்ணீரை நிறுத்திவிட்ட பிறகு பெண்கள் திரண்டு தியெஸ் நகரத்திலிருந்து டக்கார்வரை நடந்தே போகிற பகுதி, எந்த சினிமாவுக்கும் சளைத்ததல்ல. அவருடைய ஆகப் பெரிய நாவல் இது. இதை அவர் கடைசிவரை படமாக எடுக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆனால் பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். ஐம்பது பேரில் ஐந்து பேர் படித்துவிட்டு வருவார்கள். பிரெஞ்சில் எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பிய செம்பேன் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் நாங்களும் மாட்டிக்கொள்வோம்.

மிச்சம் இருப்பது 'மந்தாபி'. 1968. தொண்ணூறு நிமிஷம், கலர். அவருடைய குறுநாவலிலிருந்து எடுத்தது. வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. இதற்குக் கொடிபிடித்தது எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர். தபால் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

கதை இவ்வளவுதான். டக்காரில் வேலை வெட்டி இல்லாமல், இரண்டு மனைவி, நிறையக் குழந்தைகளோடு இருக்கிற இப்ராஹிமா தியெங்குக்கு, பாரிஸில் தெருக் கூட்டுகிற, சகோதரியின் மகனான மருமகன் ஒரு மணியார்டர் அனுப்புகிறான். 25,000 ஃபிராங்க். அதில் 20,000 மருமகனுக்காகப் பத்திரமாக வைக்க வேண்டியது, 3,000 அவனுடைய அம்மாவுக்கு, மாமாவுக்கு 2,000. படம் முழுக்க அந்தப் பணத்தைக் கையில் வாங்க தியெங் அலைகிற அலைச்சல்தான்.

தபால்காரர் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தியெங் வீட்டில் இல்லை. மனைவிகள் அதைக் காட்டிக் கடையில் அரிசி கடன் வாங்கிவிடுகிறார்கள். விஷயமே தெரியாமல் தியெங் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறார். பணம் வருவதற்கு முன்னாலேயே செலவு ஆரம்பித்துவிட்டது. செய்தி பரவியதும் கடன் கேட்க ஒவ்வொருவராக வந்து திண்ணையில் உட்காருகிறார்கள். தபாலாபீஸுக்குப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழும் போட்டோவும் கேட்கிறார்கள். சான்றிதழுக்குப் போனால் பிறந்த தேதி கேட்கிறார்கள். 1900 வாக்கில் பிறந்ததாகத்தான் அவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. போட்டோ எடுக்கப் போனால் காசும் போய், படமும் வராமல், தகராறில் மூக்கிலிருந்து ரத்தம் வழிய வீடு திரும்புகிறார். மனைவிகள் உடனே, கணவனை அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுகிறார்கள். கடன்காரர்களை விரட்ட அதைவிட நல்ல உபாயம் ஏது? கடைசியில், கோட்டு போட்ட சொந்தக்காரர் ஒருவர் 'நான் வாங்கித் தருகிறேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். பணத்தை ஜேப்படிக்காரன் அடித்துவிட்டான் என்று சொல்லி, ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

அண்ணாச்சி இந்தப் படத்தை லேப்டாப்பில் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். பாதியில் நிறுத்தச் சொன்னார். "இங்க பாருங்க தம்பி, நம்ம ஊர்ல மணியார்டரை வீட்டு வாசல்ல கொண்டுபோய் எண்ணிக் கொடுப்போம். கையெழுத்துத் தெரியலையா, பெருவிரல் ரேகை, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. அவ்வளவுதான். இந்த மனுஷனைப் போட்டு இப்படி அலைக்கழிக்கிறானுக." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இப்ப நம்ம ஊர்லயும் அப்படித்தான் ஆகிப்போச்சு. ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழலைன்னா அரிசி கிடையாது" என்றார். கைரேகை தேய்ந்துபோன வயதான விவசாயக் கூலிகளைத் தினமும் பார்க்கிறவர் அவர். மூலாதேவைப் பார்த்தால் 'அவர்கள் நாடு' என்கிற ஆட்கள், மந்தாபியைப் பார்த்தால் 'நம்ம தாலுக்கா ஆபீஸ்' என்பார்கள். அந்த ஒரு பேச்சிலேயே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. மந்தாபிதான் அவர் வொலோஃப் மொழியில் எடுத்த முதல் முழுநீளப் படம். பணம் பிரான்ஸிலிருந்து வந்ததால் பிரெஞ்சிலும் ஒரு பதிப்பு எடுக்க வேண்டியிருந்தது. அவர் மனதிலிருந்தது வொலோஃப் பதிப்புதான். குறுநாவலாக இது பிரெஞ்சில் இருந்தபோது, வாசிக்கத் தெரியாத தியெங்கின் கதையை தியெங் வாசிக்க முடியாது. படமானபோது தியெங் மாதிரி ஆட்கள் டக்கார் கொட்டகையில் உட்கார்ந்து, தங்கள் பேச்சை, தங்கள் ஏப்பத்தைத் திரையில் கேட்டார்கள். இந்த ஒரு படத்தில்தான் அவர் ஏன் பேனாவிலிருந்து கேமராவுக்குப் போனார் என்பது விளக்கவுரை இல்லாமல் தெரிகிறது.

முடிவெடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோது மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "சப்டைட்டில் இங்கிலீஷ்லதானே இருக்கு? மண்டபத்துக்கு வர்ற பூக்கார அக்காவும் வாட்ச்மேன் தாத்தாவும் எப்படிப் படிப்பாங்க?" சங்கத்தில் ஒருவரும் பதில் பேசவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எடுத்த படத்தை, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி போடப் பார்த்திருக்கிறோம். இந்த வகையில் பார்த்தால் போரோம் சாரெத்துக்குத்தான் அதிக மதிப்பெண்; பேச்சு குறைவு, ஒரு வரி புரியாவிட்டாலும் வண்டிக்காரர் முகம் புரிந்துவிடும். மந்தாபியில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே தேர்வை மாற்றவில்லை, வேலையைக் கூட்டிக்கொண்டோம். மந்தாபிக்கு நாங்களே தமிழில் சப்டைட்டில் எழுதுகிறோம். வாசிக்க முடியாதவர்களுக்காக, ஒருவர் மைக்கில் தமிழ் வரிகளைச் சத்தமாகவும் வாசிப்பார். கொஞ்சம் இடைஞ்சலாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் வீட்டில் தனியாகப் பார்ப்பவராக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. மந்தாபி, அடுத்து லா நுவார் தெ, அப்புறம் ஹாலா, அதன் பிறகு நிதானமாக மூலாதே என்று போகலாம். நாவலை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிஷத்துக்கான வரிகளை அண்ணாச்சி எழுதி முடித்துவிட்டார். தலைப்பில்தான் கடைசியாக ஒரு தகராறு. பிரெஞ்சில் 'மாந்தா' என்றால் மணியார்டர். அதை வொலோஃப்காரர்கள் எடுத்து, தங்கள் மொழியின் 'பி'யை வாலில் ஒட்டி 'மந்தாபி' ஆக்கிக்கொண்டார்கள். நம் ஆள் ஒருவர், தமிழில் 'பணவிடை' என்று அழகான சொல் இருக்கிறதே, அதைப் போடுவோம் என்றார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"முப்பத்து மூணு வருஷம் சர்வீஸ்ல பணவிடை வந்திருக்கான்னு ஒரு கிழவியும் என்கிட்ட கேட்டதில்லை. மணியார்டர்னு போடுங்க."

போட்டாயிற்று.